மைதானமா, விஆர் அறையா, ரோபோ கையா: கண்-கை ஆய்வை எங்கே தொடங்குவது?

வேகப்பந்து வீச்சாளர் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் விடும் பந்து, மட்டையாளரிடம் வந்து சேர ஏறக்குறைய அரை நொடிதான் ஆகிறது. கண் கண்டதற்கு ஏற்ப மட்டையின் போக்கைத் திருத்தவே 200 மில்லிநொடி வேண்டும் என்று உளவியலாளர் பீட்டர் மெக்லியட் 1987இல் காட்டினார். தரையில் பட்டுப் பந்து எதிர்பாராத பக்கம் விலகியபோது, சர்வதேச அளவில் ஆடியவர்களாலும் அதற்கு முன் ஒன்றும் செய்ய முடியவில்லை. வாரக் கடைசியில் பொழுதுபோக்காக ஆடுகிறவரின் எதிர்வினை நேரமும் கிட்டத்தட்ட இதுதான்.

அப்படியானால் கைதேர்ந்தவரின் சாமர்த்தியம் எங்கே இருக்கிறது? எங்கே பார்க்கிறார், எப்போது பார்க்கிறார், பார்த்ததைக் கை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதில் இருக்கிறது. கண்-கை ஒருங்கிணைப்பு ஆய்வின் பாதி இந்தக் கேள்விதான். மறு பாதி ரோபோத் துறையில் நடக்கிறது: கேமராவையும் இயந்திரக் கையையும் வைத்து இதே வேலையைச் செய்விப்பது.

இந்தத் துறைக்குள் முனைவர் பட்டத்துக்காகவோ புதிய ஆய்வுத் திட்டத்தோடோ நுழைகிறவர், முதல் சில மாதங்களிலேயே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். மைதானத்தில் ஆட்டக்காரர்களின் கண்ணைப் பதிவு செய்வதா, விஆர் (தலையில் மாட்டிப் பார்க்கும் மெய்நிகர் உலகம்) கருவிக்குள் பந்தை உருவாக்கி ஆடவிடுவதா, ரோபோவைக் கட்டிப் பார்ப்பதா? வாங்கும் கருவி, கற்கும் கணிதம், கூடவே உட்காரப்போகும் ஆட்கள் எல்லாமே இதைப் பொறுத்துத்தான் அமையும். பாதி வழியில் மாறுவது கடினம்.

பெரும்பாலானோர் 'எது நிஜத்துக்கு நெருக்கம்?' என்று கேட்டு முடிவு செய்கிறார்கள். அந்தக் கேள்விக்கு மைதானம் என்ற ஒரே பதில்தான் உண்டு; பேச்சு அங்கேயே முடிந்துவிடும். எதை நம்மால் மாற்ற முடியும் என்று கேட்டுப் பார்த்தால் கதை வேறு. மைதானத்தில் அனேகமாக எதையும் மாற்ற முடியாது, பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். விஆரில் பந்தை மாற்றலாம். ரோபோவில் ஆட்டக்காரரையே மாற்றலாம்: கண்ணை, கையை, இரண்டுக்கும் இடையிலுள்ள தாமதத்தை. உங்கள் கருதுகோளை மறுக்க எதை மாற்றிப் பார்க்க வேண்டுமோ, அதை மாற்றவிடும் இடம்தான் உங்களுக்கானது.

மைதானம்

இந்த வழியின் பெருமைக்கு மைக்கேல் லேண்டும் மெக்லியட்டும் 2000இல் வெளியிட்ட கிரிக்கெட் ஆய்வு ஒன்றே போதும். மட்டையாளரின் தலையில் கேமரா பொருத்தி, பந்துவீச்சு இயந்திரத்தின் முன் நிறுத்தினார்கள். பந்து வெளிவரும் கணம்வரை கண் அங்கேயே நிற்கிறது. பிறகு பந்தை விட்டுவிட்டு, அது தரையில் படப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே தாவுகிறது. அங்கே காத்திருந்து, பட்டெழும் பந்தைக் கொஞ்சநேரம் பின்தொடர்கிறது. 'பந்தின் மேலேயே கண்ணை வை' என்று பயிற்சியாளர்கள் காலங்காலமாகச் சொல்லிவருவதை, நன்றாக ஆடுகிறவர் கடைப்பிடிப்பதே இல்லை. அளவு குறைந்து விழும் பந்துகளுக்கு, திறமை கூடியவரின் கண் இன்னும் சீக்கிரம் தாவியது.

இதில் பங்கெடுத்தவர்கள் மூன்று பேர். பிறகு 2013இல் டேவிட் மான் குழு உலகின் முன்னணி மட்டையாளர்கள் இருவரைக் கழக அளவில் ஆடும் இருவரோடு ஒப்பிட்டது. முன்னணி ஆட்டக்காரர்களின் தலை பந்தின் திசையோடு ஒட்டியே திரும்பியது. கண் தரையில் படும் இடத்துக்குத் தாவியதோடு நில்லாமல், மட்டையில் படும் இடத்துக்கும் தாவியது. அங்கேயும் மொத்தம் நான்கு பேர். உச்சத்தில் ஆடுகிறவர்கள் உலகிலேயே சிலர்தான், அவர்களின் நேரம் கிடைப்பது அதைவிட அரிது. புள்ளியியல் பாடத்தில் படித்த பெரிய மாதிரி அளவை இங்கே எதிர்பார்க்க முடியாது. ஒவ்வொருவரிடமும் நிறைய பந்துகளைப் பதிவு செய்து, ஒருவருக்குள்ளேயே ஒப்பிடும் வடிவமைப்பைப் பழகிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது கருவியின் குணம். கண்ணாடி போல அணியும் ஐ டிராக்கர்கள் நொடிக்கு 50 முதல் 200 முறைவரை கண்ணின் நிலையைப் பதிவு செய்கின்றன. மேசையில் பொருத்தும் ஆய்வகக் கருவிகள் 1000 முறை எடுக்கும். ஆனால் அதன் முன் தலையை அசைக்காமல் உட்கார வேண்டும். ஒரு கண் தாவல் 30 முதல் 60 மில்லிநொடியில் முடிந்துவிடும். 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 முறை) கருவியில் அதற்குள் இரண்டு மூன்று புள்ளிகள்தான் விழும். தாவல் நடந்தது தெரியும். எப்போது தொடங்கியது என்பது 20 மில்லிநொடி மங்கலாகத்தான் தெரியும். ஜோன் விக்கர்ஸ் 1996இல் கூடைப்பந்து வீரர்களிடம் விவரித்த 'அமைதிக் கண்' ஆய்வுகளுக்கும் இதே சிக்கல் உண்டு. எறிவதற்கு முன் கண் கடைசியாக ஓரிடத்தில், 3 பாகைக்குள், குறைந்தது 100 மில்லிநொடி நிலைத்திருக்க வேண்டும் என்பது அதன் வரையறை. 50 ஹெர்ட்ஸில் அது ஐந்தே புள்ளிகள். இமை ஒருமுறை மூடினால் கணக்கு மாறிவிடும்.

இன்னும் கிட்டப்போய்ப் பார்ப்போம். ஆட்டக்காரருக்குக் கண்ணாடியை மாட்டி, எதிரே உள்ள குறிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லிக் கேலிபிரேட் செய்கிறீர்கள். கணினித் திரையில் அவர் பார்வையைக் காட்டும் வட்டம் குறியின் மேல் கச்சிதமாக உட்காருகிறது. நாலைந்து பந்துகள் போகின்றன. வியர்வையில் மூக்குத்தண்டிலிருந்து கண்ணாடி ஒரு மில்லிமீட்டர் நழுவுகிறது. வட்டம் இப்போதும் அழகாகத்தான் நகர்கிறது, ஆனால் ஒரு பாகை தள்ளி. 18 மீட்டர் தொலைவில் ஒரு பாகை என்பது 31 சென்டிமீட்டர். பந்துவீச்சாளரின் மணிக்கட்டைப் பார்த்தாரா, முகத்தைப் பார்த்தாரா என்பதுதான் உங்கள் ஆய்வுக் கேள்வி என்றால், பதில் அந்த 31 சென்டிமீட்டருக்குள் தொலைந்துபோகிறது. கையருகே, அரை மீட்டரில், அதே பிழை ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு, அங்கே கவலையில்லை. ஆக, மைதான ஆய்வில் கேள்வியைத் தேர்ந்தெடுக்கும்போதே தொலைவையும் சேர்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள். வெயிலில் உள்ள அகச்சிவப்பு ஒளி கண்மணியைப் படிக்கும் கேமராவைக் குழப்பும் என்பதால் உள்ளரங்கு விளையாட்டுகள் எப்போதும் ஒரு படி சுலபம். ஒரு மணி நேரப் பதிவைச் சட்டகம் சட்டகமாகப் பார்த்துக் குறிப்பதற்குப் பல நாள் ஆகும் என்பதையும் கால அட்டவணையில் முதலிலேயே எழுதி வைப்பது நல்லது.

பந்துவீச்சு இயந்திரம் வைத்தால் ஒவ்வொரு பந்தும் ஒரே மாதிரி வரும், சோதனைக்கு வசதி. ஆனால் அதில் ஓடிவரும் கால் இல்லை, சுழலும் தோள் இல்லை. ராஸ் பிண்டரும் சகாக்களும் செய்த ஒப்பீட்டில், இயந்திரத்தை எதிர்கொண்டபோதும் நிஜப் பந்துவீச்சாளரை எதிர்கொண்டபோதும் மட்டையாளர்களின் அசைவு நேரங்கள் வேறுபட்டன. மைதானத்தில் நிற்பதாலேயே சோதனை இயல்பானதாகிவிடாது.

இடையில் ஒரு மலிவான வழி

இந்த மூன்றிலும் சேராத ஒன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: பார்வையை நடுவில் மறைப்பது. சுவிட்ச் தட்டினால் சட்டென்று மங்கும் திரவப் படிகக் கண்ணாடிகள் 1980களிலிருந்தே உண்டு. பந்து கையை விட்டவுடன் மறைக்கலாம், தரையில் படும் முன் மறைக்கலாம். எந்தத் துண்டை மறைத்தால் ஆட்டம் கெடுகிறதோ, அந்தத் துண்டில்தான் தேவையான தகவல் இருக்கிறது.

கண் எங்கே இருந்தது என்பதை ஐ டிராக்கர் சொல்லும். அங்கிருந்து மூளை எதையாவது எடுத்துக்கொண்டதா என்பதைச் சொல்லாது. மறைப்பு முறை அதைச் சொல்லும். டேமியன் ஃபாரோவும் புரூஸ் அபர்னெதியும் 2003இல் டென்னிஸில் இதைச் செய்தபோது, வாயால் திசையைச் சொல்லச் சொன்னதற்கும் உண்மையிலேயே அசைந்து அடிக்கச் சொன்னதற்கும் வேறுபாடு தெரிந்தது. பட்ஜெட் சின்னது, கேள்வி தெளிவானது என்றால் நான் முதலில் கை நீட்டுவது இதற்குத்தான்.

விஆர் அறை

உயரத் தூக்கி அடிக்கப்பட்ட பந்தை நோக்கி ஓடும் களத்தடுப்பாளர், அது எங்கே விழும் என்று கணித்துவிட்டு ஓடுகிறாரா? கணிப்பே வேண்டியதில்லை என்று 1968இல் சேவில் சாப்மன் ஒரு விளக்கம் தந்தார். பந்தின் ஏற்றக் கோணத்தின் டான்ஜென்ட் சீரான வேகத்தில் கூடும்படி ஓடினாலே போதும், பந்து தலைக்கு நேரே வந்து சேரும். 1995இல் மைக்கேல் மெக்பீத் குழு வேறொன்று சொன்னது: பந்தின் பிம்பம் நேர்கோட்டில் நகரும்படி ஓடுகிறார்கள். நிஜப் பந்தை வைத்து இவற்றைப் பிரித்தறிவது பெரும் தலைவலி. இயற்பியல் அனுமதிக்கும் பாதைகளில், கணிப்பையும் சேர்த்து மூன்று விளக்கங்களும் ஏறக்குறைய ஒரே ஓட்டத்தையே எதிர்பார்க்கின்றன.

2009இல் ஃபிங்க், ஃபூ, வாரன் மூவரும் விஆரில் பந்தை நடுவானில் பாதை மாற வைத்தார்கள். எந்தப் பந்தும் இந்த உலகில் அப்படிப் பறக்காது. ஆட்டக்காரர்களின் ஓட்டம் சாப்மன் வழிக்கு இசைந்தது. நேர்கோட்டு விளக்கத்துக்கும் கணிப்பு விளக்கத்துக்கும் இசையவில்லை. வேறெந்த முறையாலும் இந்தச் சோதனையைச் செய்திருக்க முடியாது. விஆரின் நியாயம் இதுதான். நிஜத்தில் தாராளமாகக் கிடைக்கும் காட்சியையே விஆரில் மறுபடி கட்டி, அதில் ஐ டிராக்கிங் செய்கிறேன் என்று வரும் திட்ட வரைவுகளைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கிறது, சிவப்பு மையைத் தேடி.

பயிற்சிக்கும் இது உதவும் என்பதற்கு ராப் கிரேயின் 2017 பேஸ்பால் ஆய்வு நல்ல சான்று. ஆட்டக்காரரின் திறனுக்கேற்பக் கடினம் மாறும் விஆர் பயிற்சி பெற்ற குழு, மற்றக் குழுக்களைவிட நிஜ ஆட்டத்தில் அதிகம் முன்னேறியது.

குறைகளும் சின்னவை அல்ல. திரை கண்ணிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க, இரு கண்களும் குவியும் கோணம் மட்டும் பொருளின் தூரத்துக்கேற்ப மாறுகிறது. இந்த முரண்பாடு கையெட்டும் தூரத்தில் ஆழ உணர்வைக் குலைக்கும். பந்து கையில் படும் கனம் இல்லை. தலையில் மாட்டிய கருவியின் எடை தலைத் திருப்பலையே மாற்றலாம். மான் குழு கண்டதுபோல் தலைதான் முக்கியம் என்றால், தலையில் எடை ஏற்றிவிட்டு எதை அளக்கிறோம்? ஓடிப்போய்ச் சேரும் வகை ஆட்டங்களுக்கு விஆர் பொருந்தும் அளவுக்கு, விரல் நுனியில் பிடிக்கும் வகைக்குப் பொருந்துவதில்லை.

ரோபோ கை

ரோபோவை நாடி வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. பந்தைப் பிடிக்கும் இயந்திரம் வேண்டும் என்பவர் ஒரு வகை. மனிதர் எப்படிப் பிடிக்கிறார் என்ற கோட்பாட்டை இயந்திரத்தில் ஏற்றிச் சோதிக்க வேண்டும் என்பவர் இன்னொரு வகை. இரண்டும் ஒரே அறையில், ஒரே கையை வைத்து நடப்பதால் ஒன்றென்று தோன்றும். ஆனால் வெற்றியின் அளவுகோல் இரண்டிலும் நேரெதிர்.

முதல் வகையின் வரலாறு மலைக்க வைப்பது. பெல் ஆய்வகத்தில் ரஸ்ஸல் ஆண்டர்சன் 1980களிலேயே டேபிள் டென்னிஸ் ஆடும் ரோபோவைக் கட்டினார். டோக்கியோ பல்கலைக்கழகத்தின் இஷிகாவா ஆய்வகம் நொடிக்கு 1000 படம் எடுக்கும் கேமராவோடு கையை இணைத்து, மனிதக் கை விரியத் தொடங்கியதுமே அதைப் படித்து, கல்-காகிதம்-கத்தரி விளையாட்டில் தோற்கவே தோற்காத ரோபோவை 2012இல் காட்டியது. 2013இல் டோபி டெல்ப்ரூக்கும் மானுவல் லாங்கும், ஒளி மாறும் புள்ளிகளை மட்டும் அனுப்பும் சென்சாரைக் கொண்டு 3 மில்லிநொடியில் எதிர்வினை காட்டும் கோல்கீப்பர் ரோபோவை விவரித்தார்கள். மெக்லியட்டின் 200 மில்லிநொடிக்குப் பக்கத்தில் அதை வைத்துப் பாருங்கள். கூகுள் டீப்மைண்டின் டேபிள் டென்னிஸ் ரோபோ 2024இல் 29 மனிதர்களோடு ஆடியது. தொடக்கநிலையினர் எல்லோரையும் வென்றது, இடைநிலையினரோடு 55 சதவீத ஆட்டங்களை வென்றது, கைதேர்ந்தவர்கள் எல்லோரிடமும் தோற்றது. கீழ்ச்சுழல் கூடிய பந்துகள் அதற்குச் சிரமமாக இருந்தன.

ஆனால் இவற்றில் எதுவும் மனிதக் கண்ணைப் பற்றி நேரடியாக எதையும் சொல்லிவிடவில்லை. 3 மில்லிநொடியில் எதிர்வினை காட்ட முடிந்த இயந்திரத்துக்கு முன்கூட்டித் தாவும் கண் எதற்கு? மேசையைச் சுற்றி நிலையாகப் பொருத்திய கேமராக்கள் மேசை முழுவதையும் ஒரே கூர்மையில் பார்க்கின்றன; எங்கே பார்ப்பது என்ற கேள்வியே அங்கு எழுவதில்லை. மனிதரின் உத்திகள் எல்லாம் பலவீனத்திலிருந்து பிறந்தவை: நடுவில் மட்டும் கூர்மையான பார்வை, மெதுவான நரம்பு, ஒவ்வொரு முறையும் சற்றே பிசகும் தசை. இரண்டாம் வகை ஆய்வு செய்ய வேண்டுமானால் அந்தப் பலவீனங்களை வேண்டுமென்றே இயந்திரத்துக்குக் கொடுக்க வேண்டும். நகரும் கேமரா, ஓரத்தில் மங்கிய படம், 100 மில்லிநொடிக்கு மேல் செயற்கைத் தாமதம். இவற்றோடும் பந்தைப் பிடிக்கக் கற்ற ரோபோவின் கேமரா தானாகவே தரையில் படும் இடத்துக்கு முந்திக்கொண்டு தாவுமானால், அது ஒரு கண்டுபிடிப்பு. தாமதத்தைக் குறைக்கக் குறைக்க அந்தத் தாவல் மறைந்துபோகிறதா என்றும் பார்க்கலாம். எந்த மனிதரிடமும் இந்தத் திருகைத் திருப்ப முடியாது.

களத்தடுப்பாளர் பற்றிய பழைய விவாதம் ரோபோத் துறையில் வேறு பெயரில் வாழ்கிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பொருளின் முப்பரிமாண இடத்தைக் கணக்கிட்டு அங்கே கையை அனுப்புவது ஒரு வழி. படத்தில் பொருள் இருக்க வேண்டிய இடத்துக்கும் இப்போது இருக்கும் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைத்துக்கொண்டே கையை நகர்த்துவது இன்னொரு வழி. பின்னது சாப்மனின் ஓட்டக்காரருக்கு நெருங்கிய உறவு. கேமராவின் கேலிபிரேஷன் கொஞ்சம் பிசகினாலும் அது தாக்குப்பிடிக்கும். முன்னதற்குக் கேமராவும் கையும் ஒன்றையொன்று துல்லியமாக அறிந்திருக்க வேண்டும். அதற்காகக் கட்டம் போட்ட பலகையைப் பல கோணங்களில் காட்டிப் படம் எடுக்கிறோம். கையை ஒரே அச்சில் திருப்பித் திருப்பி எத்தனை படம் எடுத்தாலும் விடை கிடைக்காது. இணையாக இல்லாத இரண்டு அச்சுகளிலாவது திருப்பியாக வேண்டும். புதியவர்கள் இங்கே சிக்கிக்கொள்வது வழக்கம். செர்கே லெவின் குழு 2016இல் இந்தச் சடங்கையே தவிர்த்தது. 14 கைகள் வரை சேர்ந்து 8 லட்சம் தடவைக்கு மேல் பொருளைப் பற்ற முயன்று, கேமராவுக்கும் கைக்கும் உள்ள உறவை நரம்பு வலையமைப்பே கற்றுக்கொள்ளவிட்டது. அத்தனை கைகளை வரிசையாக நிறுத்த முடிந்தவர்களுக்கு அது சரி. ஒற்றைக் கையோடு இருக்கும் ஆய்வகம் சிமுலேஷனில்தான், அதாவது கணினிக்குள் கட்டிய மாதிரி உலகில்தான், பெரும்பகுதியைக் கற்பிக்க வேண்டியிருக்கும். அங்கே கற்ற கை நிஜப் பந்தின் முன் தடுமாறும்.

நேரச் செலவைப் பொறுத்தவரை ரோபோ இரக்கமற்றது. கேமரா, கணினி, கை மூன்றின் கடிகாரங்களையும் ஒத்திசைய வைப்பதிலேயே முதல் வருடத்தின் பெரும்பகுதி கரைந்துவிடலாம். ஆய்வுக் கட்டுரை என்று எழுத அதில் ஒன்றும் இருக்காது.

எதை எடுப்பது

நிபுணர்கள் என்ன செய்கிறார்கள் என்பதே இன்னும் தெரியாத விளையாட்டு என்றால் மைதானம்தான். யாரும் பதிவு செய்யாத ஒன்றுக்குக் கோட்பாட்டுச் சோதனை கட்டிப் பயனில்லை. ஆட்டக்காரர்களோடும் பயிற்சியாளர்களோடும் பழகும் பொறுமை உள்ளவருக்கு இது பொருந்தும். நெறிமுறைக் குழுவின் அனுமதிக்குக் காத்திருக்கும் மாதங்களை மறைப்புக் கண்ணாடி முறையைப் பழக வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு விளக்கங்கள் ஏற்கனவே மோதிக்கொண்டிருக்கின்றன, அவை முரண்படும் இடம் இயற்கையில் வராத ஒரு பந்தில்தான் இருக்கிறது என்றால் விஆர். அந்தப் பந்தின் பாதையை ஒரு தாளில் வரைந்து காட்ட முடியாவிட்டால் விஆருக்கு இன்னும் நேரம் வரவில்லை.

உங்கள் கூற்று தாமதம், கூர்மை, தசையின் பிசகு என்று ஆட்டக்காரரின் உள்ளமைப்பைப் பற்றியதாக இருந்தால் ரோபோ. அப்போதும் முதல் ஆறு மாதம் சிமுலேஷனோடு நிற்பது உத்தமம். செயற்கைத் தாமதத்தைக் கூட்டிக் குறைத்தால் கேமராவின் நடத்தை மாறுகிறது என்பது அங்கேயே தெரிந்த பிறகு உலோகத்தில் கை வைக்கலாம். கட்டுப்பாட்டுக் கோட்பாடும் நிரலும் கைவந்தவர் ஒருவர் பக்கத்து மேசையில் இல்லாத ஆய்வகத்தில், தனி மாணவர் இதைத் தொடங்கக் கூடாது என்றே சொல்வேன்.

விளையாட்டையும் ரோபோவையும் ஒரே ஆய்வேட்டில் இணைக்கும் ஆசை அடிக்கடி வரும். நிதி விண்ணப்பத்தில் பார்க்க அழகாகவும் இருக்கும். மனிதப் பதிவு முடிந்து, அதிலிருந்து ஒரு எண் ரோபோவுக்குள் போகிறது என்றால் அந்த இணைப்பு உயிருள்ளது. உதாரணமாக, கண் தாவும் நேரம் பந்தின் வேகத்தோடு எப்படி மாறுகிறது என்ற ஒரு வளைகோடு. 'மனிதரிடமிருந்து ஊக்கம் பெற்ற' என்ற சொல்லைத் தவிர வேறெதுவும் போகவில்லை என்றால் இரண்டு அரை ஆய்வேடுகள்தான் மிஞ்சும்.

எந்த வழியானாலும், கருவிக்கு ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. விற்பனைத் தாளில் போட்டிருக்கும் ஹெர்ட்ஸ், ஒரு நொடியில் எத்தனை முறை என்பதை மட்டும் சொல்லும். நடந்ததற்கும் பதிவானதற்கும் இடையே எவ்வளவு நேரம் கழிகிறது என்பதைச் சொல்லாது. கடன் வாங்கியாவது அந்தக் கருவியைக் கொண்டுவந்து, ஒரு சிறு விளக்கை எரியவிட்டு, விளக்கையும் கருவியின் திரையையும் நொடிக்கு 240 படம் எடுக்கும் போன் கேமராவில் ஒன்றாகப் பிடியுங்கள். விளக்கு எரிந்த படத்துக்கும் திரை மாறிய படத்துக்கும் நடுவே எத்தனை படங்கள் என்று எண்ணினால் தாமதம் தெரிந்துவிடும். பந்து நொடிக்கு 10 மீட்டரில் வருகிறது, தாமதம் 30 மில்லிநொடி என்றால், திரையில் பார்க்கும் பந்து உண்மைப் பந்துக்கு 30 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது. அது டேபிள் டென்னிஸ் மட்டையின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு. உங்கள் கேள்விக்கு அந்த 30 சென்டிமீட்டர் பொறுக்குமா என்பதைப் பார்த்துவிட்டு ஆர்டர் படிவத்தில் கையெழுத்துப் போடலாம்.